வீட்டு கார் ஷெட்டில் சார்ஜர் பொருத்துவது: எர்த் குழியிலிருந்து தொடங்குங்கள்

கார் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் பல வீடுகளில் சார்ஜர் பற்றிய பேச்சே எழுகிறது. ஷோரூமில் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, "15 ஆம்ப் பிளக் இருந்தால் போதும் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அன்று இரவே ஏசிக்குப் போட்ட சாக்கெட்டில் செருகிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

செங்கோட்டையில் என் வீட்டில் சார்ஜர் பொருத்தி மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு புளியரை, தென்காசி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு என்று ஏழெட்டு வீடுகளில் வேலை நடக்கும்போது கூடவே நின்றிருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். சார்ஜரை முதலில் வாங்கிவிட்டு, பிறகு வயர், அப்புறம் எர்த், கடைசியில் இ.பி. ஆபீஸ் என்று போகிறார்கள். வேலை இதற்கு நேர் எதிராக நடக்க வேண்டும். கம்பத்திலிருந்து வரும் லைனையும் மண்ணுக்குள் போகும் எர்த்தையும் முதலில் சரிசெய்துவிட்டு, சார்ஜரைக் கடைசியாகச் சுவரில் மாட்ட வேண்டும். கீழே உள்ள வரிசை அதுதான்.

வயரிங் வேலையை லைசன்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும். எல்லைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லைசன்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புனலூரிலிருந்து வரும் வயர்மேன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தமிழ்நாட்டு இணைப்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட் தர இங்குள்ள லைசன்ஸ்காரர் வேண்டும். வேலை முடிந்த பிறகு இது தெரியவந்தால் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

1. ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போடுங்கள்

வீட்டில் வைக்கும் சார்ஜர் பெரும்பாலும் இரண்டு வகை. 15 ஆம்ப் பிளக்கில் செருகும் 3.3 கிலோவாட் போர்ட்டபிள் ஒன்று. சுவரில் நிரந்தரமாக மாட்டும் 7.2 அல்லது 7.4 கிலோவாட் பெட்டி இன்னொன்று. இது 32 ஆம்ப் இழுக்கும். மூன்று பேஸில் 11 கிலோவாட்டும் உண்டு. ஆனால் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் உள்ளே போகும். 3.3 மட்டுமே வாங்கும் காருக்கு 7.4 பெட்டி வைத்தாலும் ஒரு நிமிடம்கூடக் குறையாது. காரின் கையேட்டில் ஏசி சார்ஜிங் (AC Charging) என்ற தலைப்பில் இந்த எண் இருக்கும். அதைப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

அடுத்தது தினசரி ஓட்டம். நடுத்தர அளவு கார், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால், ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி போய் வந்தால் 120 கிலோமீட்டர் சொச்சம். 18 முதல் 20 யூனிட் வரை ஆகும். 3.3 கிலோவாட்டில் ஆறு மணி நேரம். இரவு பத்தரைக்குப் போட்டால் விடிவதற்குள் முடிந்துவிடும்.

தினமும் 100 கிலோமீட்டருக்குள் ஓடும் வீட்டுக்கு 3.3 போதும் என்பதே என் முடிவு. பெரிய பேட்டரி, இரண்டு கார்கள், வாடகைக்கு ஓடும் வண்டி என்று இருந்தால் 7.4 வையுங்கள். சும்மா இருக்கட்டும் என்று பெரியதை வைத்தால் சர்வீஸ் லைனிலிருந்து வயர் வரை எல்லாவற்றையும் பெரிதாக்க வேண்டி வரும். ஒன்று மட்டும் செய்யலாம்: இப்போது 3.3 வைத்தாலும் பைப்பையும் வயரையும் 7.4 தாங்கும் அளவுக்குப் போட்டுவிடுங்கள். சுவரை இரண்டாம் முறை உடைக்க வேண்டாம்.

2. மீட்டரைப் பாருங்கள், இ.பி. ஆபீஸுக்குப் போங்கள்

காரை புக் செய்த வாரமே செய்ய வேண்டிய வேலை இது. மற்ற எதையும் இரண்டு நாளில் முடித்துவிடலாம். இதற்கு மட்டும் நாள் நம் கையில் இல்லை.

மீட்டரின் முகப்பில் ஆம்ப் அளவு அச்சிட்டிருக்கும். நம் பக்கம் பல சிங்கிள் பேஸ் வீடுகளில் 5–30 ஏ என்றுதான் இருக்கிறது. 32 ஆம்ப் சார்ஜர் ஒன்றே அந்த மீட்டரின் எல்லையைத் தாண்டிவிடும். அதன் மேல் ஏசி, மோட்டார், கீசர். ஆகவே 7.4 வைப்பதென்றால் மூன்று பேஸுக்கு மாறி, கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றே திட்டமிடுங்கள். 3.3 வைத்தாலும், அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்று மின் அட்டையில் பார்த்து, தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் வீடு என்றால் கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) செக்ஷன் ஆபீஸில் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

சொந்தக் காரை வீட்டில் சார்ஜ் செய்யத் தனி உரிமம் எதுவும் வேண்டாம். வீட்டு இணைப்பிலேயே செய்யலாம். ஆனால் மாதம் 150 யூனிட் கூடினால், இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட். அது வீட்டின் மொத்தப் பயன்பாட்டை மேல் அடுக்குக்குத் தள்ளிவிடும். பழைய பில்லை எடுத்து, அதனுடன் இதைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

மூன்று பேஸ் வந்ததும் ஒரு பேஸைக் காருக்கு ஒதுக்கிவிட்டு, வீட்டின் பெரிய சாமான்களை மற்ற இரண்டில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் லைனில் சார்ஜர் வரவே கூடாது. சாயங்காலம் வோல்டேஜ் குறைகிறதே என்று ஸ்டெபிலைசர் வாங்கவும் வேண்டாம். 200 வோல்ட் வந்தாலும் கார் அதே 14 ஆம்பை இழுத்துக்கொண்டு, 3.3-க்குப் பதில் 2.8 கிலோவாட்டில் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

3. எர்த்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து அவசரமாகப் படிக்காதீர்கள்.

நம் ஊர் வீடுகளில் விளக்கும் ஃபேனும் எர்த் இல்லாமலே முப்பது வருடம் ஓடிவிடும். அதனால் எர்த் கெட்டுப்போனது யாருக்கும் தெரியாது. கார் சார்ஜர் அப்படி இல்லை. தொடங்கும் முன் எர்த்தைச் சோதிக்கும். சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். "சார்ஜர் வேலை செய்யவில்லை" என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை எர்த் கோளாறுதான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சார்ஜர் சிவப்பு காட்டியது. மெயின் போர்டிலிருந்து பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். சமையலறைச் சுவர் ஓரமாக இறங்கி, பின்கட்டில் பலா மரத்துக்குப் பின்னால் ஒரு குழாயில் சுற்றியிருந்தது. பழைய இரும்புக் குழாயின் ஒரு சாண் துண்டு அது. அதற்குக் கீழே போன பைப்பை எப்போதோ பிளாஸ்டிக்காக மாற்றியிருக்கிறார்கள். வீட்டின் மொத்த எர்த்தும் மண்ணைத் தொடாமல் பத்து வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதே போர்டில்தான் வாஷிங் மிஷினும் கிரைண்டரும் ஓடின.

முதலில் அளந்து பாருங்கள். மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. மத்தியானம் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, தெருவில் மோட்டார்கள் ஓடும்போது ஒரு முறை என்று மூன்று தடவை பாருங்கள். காலையில் 2 காட்டும் வீடு சாயங்காலம் 18 காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கூடினால் எர்த் மோசமாக இருக்கலாம், அல்லது நியூட்ரல் எங்கோ லூஸாக இருக்கலாம். எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு ஓம் கணக்கில் அளந்தால் எது என்று தெரிந்துவிடும். 5 ஓமுக்குக் கீழே கொண்டுவருவதை இலக்காக வையுங்கள். சார்ஜர் கையேடு இன்னும் குறைவாகக் கேட்டால் அதைப் பின்பற்றுங்கள்.

பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பை எரிய வைத்து, "பாருங்க, எர்த் நல்லா இருக்கு" என்று சொல்லும் பழக்கம் உண்டு. அதை நம்ப வேண்டாம். அந்த பல்பு அரை ஆம்புக்கும் குறைவாகத்தான் இழுக்கும். எர்த் 100 ஓம் இருந்தாலும் பல்புக்கு 190 வோல்ட்டுக்கு மேல் கிடைத்து, கண்ணுக்குப் பளிச்சென்றே எரியும்.

புதுக் குழி போடுவதானால், வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, ஈரம் நிற்கும் இடமாகப் பாருங்கள். இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், சுற்றி உப்பும் கரியும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல், மூடி. கெமிக்கல் எர்த்திங் என்று விற்பதையும் போடலாம். உப்புக் குழியைவிடப் பராமரிப்பு குறைவு. மலையடிவாரத்தில் நாலடி தோண்டியதும் பாறை வந்துவிடும். அங்கே ஒரே குழியுடன் மல்லுக்கட்ட வேண்டாம். ஐந்து மீட்டர் தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணையுங்கள். பைப் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட்டால்தான் இரண்டாவது குழிக்கு முழுப் பலன் கிடைக்கும்.

இனி, நான் கண்டதிலேயே ஆபத்தான விஷயம். சார்ஜர் சிவப்பு காட்டும்போது, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன வயரால் சேர்த்துவிடுகிறார்கள். உடனே பச்சை விளக்கு எரியும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் அறுந்துபோனால், பேஸ் கரண்ட் அந்தச் சின்ன வயர் வழியாக நேராகக் கார் பாடிக்கு வந்துவிடும். சாரல் மழையில் நனைந்த தரை, வெறும் காலோடு கார் கதவைத் திறக்கும் பிள்ளை. புளியரைப் பக்கம் ஒரு வீட்டில் சாக்கெட் மூடியைக் கழற்றியதும் இரண்டங்குலக் கறுப்பு வயர் ஒன்று அப்படி நிற்பதைப் பார்த்தேன். அதை அந்த இடத்திலேயே வெட்டி எடுத்தோம். எலக்ட்ரீசியன் போன பிறகு, மெயினை அணைத்துவிட்டு, வேறொருவரை வைத்தாவது சாக்கெட்டைத் திறந்து பாருங்கள்.

4. இடம்

காரின் சார்ஜிங் துளை எந்தப் பக்கம் இருக்கிறது, நீங்கள் காரை முன்பக்கமாக விடுவீர்களா, ரிவர்ஸில் விடுவீர்களா என்று பார்த்து, அந்தத் துளைக்குப் பக்கத்துச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் விதிப்படி, நிறுத்திய காரின் துளை சார்ஜிங் பாயிண்டிலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. நான் நாலடி உயரத்தில் வைக்கச் சொல்வேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனியிலும் ஆடியிலும் இங்கே மழை மேலிருந்து விழாது. கணவாய்க் காற்றோடு பக்கவாட்டில் வரும். தகரக் கூரை போட்ட திறந்த ஷெட் அதற்குக் காவல் இல்லை. மேற்குச் சுவரின் உள்பக்கம், அதாவது காற்று வரும் திசைக்கு முதுகு காட்டும் இடம் நல்லது. பெட்டியில் ஐபி 65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வயர் பெட்டிக்குள் கீழிருந்துதான் நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

5. வயர்

மீட்டர் பக்கத்திலிருந்து சார்ஜர் வரை தனி வயர். நடுவில் எந்த ஜாயிண்ட்டும் வேண்டாம், வேறு எந்த பாயிண்ட்டும் இதிலிருந்து எடுக்க வேண்டாம். கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும். கார் எட்டு மணி நேரம் முழு ஆம்பை இழுத்துக்கொண்டே இருக்கும். இதுதான் மற்ற எல்லாச் சாமானுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. அரை மணி நேரத்தில் சூடாகாத ஜாயிண்ட் மூன்றாவது மணி நேரத்தில் உருகும்.

3.3 கிலோவாட்டோடு நிற்பதானால் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் போடுங்கள். 7.4-க்கு 15 மீட்டருக்குள் என்றால் 6 ஸ்கொயர், அதற்கு மேல் 10 ஸ்கொயர். காரணம் கணக்கில் இருக்கிறது. 30 மீட்டர் தூரத்துக்கு 32 ஆம்ப் போனால், 4 ஸ்கொயரில் ஒன்பதரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 6-இல் ஆறு வோல்ட் சொச்சம். 10-இல் நாலுக்கும் குறைவு. இப்படிக் குறையும் வோல்ட் முழுவதும் சுவருக்குள் சூடாகத்தான் மாறுகிறது. 6 ஸ்கொயரிலேயே அது 200 வாட். எர்த் வயரும் அதே கனத்தில், எர்த் குழி வரை தொடர்ந்து போக வேண்டும். அலுமினிய வயர் வேண்டாம்.

6. தனி டி.பி. பெட்டி

சார்ஜருக்கு மட்டும் ஒரு சின்ன டி.பி. (பாதுகாப்பு ஸ்விட்சுகள் இருக்கும் பெட்டி) வையுங்கள். உள்ளே மூன்று பொருள்.

எம்.சி.பி. (பளு மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்): டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது), சி கர்வ் (தொடங்கும்போது சட்டென்று ஏறும் கரண்டுக்கு விழாத வகை). 3.3-க்கு 20 ஆம்ப், 7.4-க்கு 40 ஆம்ப். மணிக்கணக்கில் ஓடும் பளுவுக்குச் சற்றுக் கூடுதலாக வைக்காவிட்டால் நடு இரவில் சூட்டிலேயே ட்ரிப் ஆகும். 32 ஆம்ப் சார்ஜருக்கு 32 ஆம்ப் எம்.சி.பி. போட்டுவிட்டு, "தினமும் மூணு மணிக்கு நின்னுடுது அண்ணாச்சி" என்று சொன்னவர்கள் இரண்டு பேர்.

ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் ஸ்விட்ச்): 30 மில்லிஆம்ப், டைப் ஏ. கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருவது பெரும்பாலும் டைப் ஏசி. முகப்பைப் பாருங்கள். ஒரே ஒரு அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏசி. அலைக்கோட்டுக்குக் கீழே அரை அலைகளும் இருந்தால் டைப் ஏ. காரின் மின்னணுப் பகுதியிலிருந்து டி.சி. (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) கசிந்தால் டைப் ஏசியின் உள்ளே இருக்கும் காந்த வளையம் மரத்துப்போய், உண்மையான ஷாக் வரும்போது கூட ட்ரிப் ஆகாது. சார்ஜரின் விவரத்தில் 6 மில்லிஆம்ப் டி.சி. பாதுகாப்பு உண்டு என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டைப் ஏ போதும். இல்லாவிட்டால் டைப் பி வேண்டும், விலை அதிகம்.

இங்கே ஒரு வயரிங் பிழை அடிக்கடி நடக்கிறது. ஆர்.சி.சி.பி.-யிலிருந்து வெளியே போகும் நியூட்ரலை வீட்டின் பொது நியூட்ரல் லிங்க்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் எதைப் போட்டாலும் ட்ரிப். சார்ஜரின் நியூட்ரல் தனியாக, அதன் ஆர்.சி.சி.பி.-க்குள் போய், தனியாகவே வெளியே வர வேண்டும். ட்ரிப் ஆகிறதே என்று ஆர்.சி.சி.பி.-யைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுப்பவரிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

எஸ்.பி.டி.: இடி வரும்போது ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் தள்ளிவிடும். டைப் 2 போதும். எர்த் சரியில்லாத வீட்டில் இதை வைப்பதில் பயனே இல்லை. மூன்று பேஸ் வீடு என்றால் வோல்டேஜ் ரிலே ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் அறுந்தால் ஒரு பேஸில் 400 வோல்ட் பக்கம் ஏறிவிடும். ரிலே அதற்கு முன் வெட்டிவிடும்.

7. சார்ஜரை மாட்டுவது

இதுவரை வந்துவிட்டால் மீதி ஒரு மணி நேர வேலை. ஒவ்வொரு வயர் முனையிலும் லக் (உலோக முனை) வைத்து, கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். இழைகளை முறுக்கி ஸ்க்ரூவில் திணித்தால், நாளடைவில் அமுங்கி லூஸாகிவிடும். வயர் நுழையும் இடத்தில் கிளாண்ட் (வயரைச் சுற்றி ஓட்டையை அடைக்கும் திருகு) போட்டு இறுக்குங்கள். விரல் நுழையும் ஓட்டை இருந்தால் பல்லியும் நுழையும். இரண்டு முனைகளுக்கு நடுவே பல்லி செத்துக் கிடந்ததால் நின்றுபோன சார்ஜரும் உண்டு.

போர்ட்டபிள் சார்ஜர் வைத்திருப்பவர்கள், சாதாரண 15 ஆம்ப் சாக்கெட்டுக்குப் பதில் நீல நிற 16 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டையும் அதற்கான பிளக்கையும் போடலாமா என்று கார் கம்பெனி சர்வீஸில் முதலில் கேளுங்கள். பிளக்கை மாற்றினால் சில கம்பெனிகள் வாரண்டி தராது. மாற்ற முடியாது என்றால், நல்ல கனமான புது சாக்கெட் ஒன்றைக் காருக்கென்றே வையுங்கள். பழைய ஏசி சாக்கெட்டில் இரண்டு மாதம் ஓட்டிய ஒரு பிளக்கை உருவிப் பார்த்தேன். மூன்று கால்களில் ஒன்று மட்டும் பழுப்பேறி, அதன் அடியில் பிளாஸ்டிக் மெழுகு போலச் சாய்ந்திருந்தது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, அந்த ஒரு கால் மட்டும் சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கிறது.

8. முதல் இரவு

முதல் தடவை போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மாலை ஆறு முதல் பத்து வரை லைனில் நெருக்கடி இருக்கும், பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். முதலில் எம்.சி.பி.-யைப் போட்டுவிட்டு, அப்புறம் கன்னை (காரில் செருகும் கைப்பிடி முனை) செருக வேண்டும். எடுக்கும்போது முதலில் காரிலோ செயலியிலோ சார்ஜை நிறுத்தி, பிறகு உருவ வேண்டும். பளு ஓடும்போது சாக்கெட்டிலிருந்து பிளக்கை உருவினால் பின்களில் தீப்பொறி விழும்.

சார்ஜ் தொடங்கும் முன் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது மறுபடி பாருங்கள். 228 இருந்தது 221 ஆனால் சரி. 212 ஆனால் எங்கோ ஜாயிண்ட் லூஸ், அல்லது வயர் மெலிது, அல்லது கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரே தாங்கவில்லை. அரை மணிக்கு ஒரு முறை பிளக், டி.பி. மூடி, மீட்டர் பக்கத்து கட்டவுட் (ஃபியூஸ் கட்டை) ஆகியவற்றைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சூடு இருந்தால் நிறுத்திவிடுங்கள். எல்லோரும் சார்ஜரைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள், கட்டவுட்டை மறந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் முதலில் சூடாவது அதுதான்.

9. ஒரு மாதம் கழித்து

மெயினை அணைத்து, எல்லா ஸ்க்ரூவையும் ஒரு சுற்று இறுக்கச் சொல்லுங்கள். காப்பர் இழைகள் ஒரு மாதச் சூட்டிலும் குளிரிலும் கொஞ்சம் அமர்ந்திருக்கும். கால் சுற்று, அரைச் சுற்று இறங்கும்.

ஆர்.சி.சி.பி.-யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். எஸ்.பி.டி.-யின் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாக மாறியிருந்தால் அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, மாற்றிவிடுங்கள். ஐப்பசியில் இடி இறங்கும் சாயங்காலங்களில் கன்னைக் காரிலிருந்து உருவி வைத்துவிடுவது நல்லது.

பங்குனி, சித்திரையில் மண் காய்ந்ததும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்ட்டை மறுபடி அளந்து பாருங்கள். கூடியிருந்தால், எர்த் குழி மூடியைத் திறந்து புனல் வழியாக வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.